நம்பரை மட்டும் திருத்தினார்கள்

கோர்ட்டுக்குப் போனால் தப்பைத் திருத்துவார்கள் என்று நம்பியவள் நான்.

சபாக் பக்கம் இருந்த, பாமாயில் எடுக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தை நெடுஞ்சாலைக்காக அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மதிப்பீட்டாளர் வந்த சமயத்தில், மறுநடவுக்காகக் கிழட்டு மரங்களைச் சாய்த்திருந்தோம். புதுக் கன்றுகள் வீட்டுக்குப் பின்னால் பைகளில் வளர்ந்துகொண்டிருந்தன. அந்த மனிதர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை; வெறும் நிலம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நஷ்டஈடு போதாதென்று வழக்குப் போட்டோம். தீர்ப்பிலும் எங்கள் தோட்டம் பயிரில்லாத வெறும் நிலம்தான். போதாக்குறைக்கு நில எண்ணிலும் தவறு.

"ரெண்டையும் திருத்தச் சொல்லும்மா" என்றேன் எங்கள் வக்கீல் பெண்ணிடம்.

"நம்பரைத் திருத்திடலாம்க்கா, அது கைத்தவறு. தொகை கம்மின்னு அப்பீல் போக சட்டத்துல வழியில்லலா."

"அப்ப ஜட்ஜு தப்பா முடிவு பண்ணியிருந்தா?"

"தொகை விஷயத்துல அவரு சொன்னதுதான் கடைசி."

கன்றுகளை லோரியில் ஏற்றிப்போய்க் கோர்ட்டு வாசலில் கொட்டலாமா என்றிருந்தது எனக்கு.

பிறகு திருத்திய தீர்ப்பு வந்தது. நம்பர் சரியாக இருந்தது. அதுவரை யாருடைய நிலத்தின் மேலோ கிடந்த அநியாயத்தை, துல்லியமாக என் நிலத்தின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள்.