அண்ணனிடம் தோற்பவர்கள்

சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறார் எலிசர். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. பக்கத்தில் பன்னிரண்டு பேர் மெத்தை விரிப்பில் உருண்டு புரண்டு ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது அவர் காலில் வந்து விழுந்தால் கண்ணைத் திறக்காமலே காலை மடக்கிக்கொள்கிறார். சுற்று முடிந்து மணி அடித்ததும் எழுந்து நின்று, "அடுத்து யாரு, நானா?" என்கிறார்.

துபாய் சத்வாவில் ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிற கூடம். கடையிலும் ஓட்டலிலும் மருத்துவமனையிலும் வாரம் முழுக்க நின்றே காலம் தள்ளுகிற பிலிப்பைன்ஸ்காரர்கள், தூங்க வேண்டிய காலையில் இங்கே வந்து பிரேசில் ஜுஜிட்சு என்கிற பிடிச்சண்டை பயில்கிறார்கள். எட்டு வருடமாக எங்கள் அறையில் எலிசர் கீழ்க்கட்டில், நான் மேல்கட்டில். அவர்தான் என்னையும் இழுத்துவந்து இதில் தள்ளினார். திருநெல்வேலிக்காரனுக்கு இதெல்லாம் தேவையா என்று என் முழங்கால் வாராவாரம் கேட்கிறது.

எலிசருக்கு நாற்பத்தெட்டு வயது. ஓட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு நீராவி இஸ்திரி போடுகிறார், பத்தொன்பது வருடமாக. தினமும் பத்து மணி நேரம் நிற்கிற வேலை. கால் வலிக்கிறதா என்று கேட்டால், "காலுன்னு ஒண்ணு இருக்குல்ல, வலிக்கத்தான் செய்யும்" என்பார். முதுகைக் கேட்டாலும் அதே பதில்தான், உறுப்பு மட்டும் மாறும். வெள்ளிக்கிழமைதோறும் எல்லாருக்கும் சோறும் வினிகரில் வெந்த கோழியும் கொண்டுவருவார். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குக் கட்டில் பிடித்துக் கொடுப்பதும் அவர்தான். அதனால் கூடம் மொத்தத்துக்கும் அவர் 'குயா', அதாவது அண்ணன்.

இந்த விளையாட்டில் பிடி இறுகிவிட்டால் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தோற்றேன், விடு என்று அர்த்தம். ஆறு வருடமாகக் கூடத்தில் அத்தனை பேரும் எலிசருக்குத் தட்டியிருக்கிறோம். அவர் ஒருவருக்கும் தட்டியதில்லை.

வருகிற ஜூனில் ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். அதற்குள் ஒரு பதக்கம் வேண்டும் என்று ஆசை. "பத்தொம்பது வருசம் எவனெவனோ படுத்தெழுந்த துணியத் தேச்சாச்சு. எனக்குன்னு ஒண்ணு எடுத்துட்டுப் போறேனே" என்று சொல்லி, போன மாதம் அபுதாபியில் மூத்தோர் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். நாங்கள் பேருந்து பிடித்துப் போய்க் கத்தினோம். ஒரு வழுக்கைத்தலை ஆள் நாற்பது வினாடியில் அவரைத் தட்டவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

திரும்பி வரும்போது எலிசர் பொதுவாகக் கேட்டார். "என் பிடி நம்ம கூடத்துல எல்லார்கிட்டயும் விழுது. அவன்கிட்ட மட்டும் ஏன் விழல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வலிக்காமலே எத்தனையோ தடவை தட்டியவன் நான். வெட்கமாக இருந்தது.

ஜூனுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு போட்டி. அது நாளை மறுநாள். இன்றைக்குத் தூங்கி எழுந்தவர் நடுவில் வந்து நின்று, "இன்னிக்கு யாரும் எனக்காகத் தட்டக் கூடாது" என்றார்.

"யாருண்ணே சும்மா தட்டுறா? உங்க பிடி இரும்பாச்சே" என்றான் மெல்சோர். மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்கிப் படுக்கவைக்கிறவன், எருமை மாதிரி பலம். முதல் ஆளாக இறங்கிய அவனே ஒரு நிமிடத்தில் தட்டினான்.

"வலிச்சுதாடா?"

"வலிக்கும் போல இருந்துச்சுண்ணே."

எல்லாரும் சிரித்தார்கள். எலிசர் சிரிக்கவில்லை. முழங்காலில் கை ஊன்றி அப்படியே உட்கார்ந்திருந்தார். "ஞாயித்துக்கிழம வர்றவன் எனக்குத் தம்பி இல்லடா" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து ரிசெல்லைக் கூப்பிட்டார். நக அலங்காரக் கடையில் வேலை பார்க்கிற பெண், ஐம்பது கிலோ தேறமாட்டாள். ஆனால் மெல்சோரையே திணறடிப்பவள். வேலை கொடுப்பதாகச் சொன்னவன் கைவிட்டுவிட, பெட்டியோடு தெருவில் நின்றவளுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்தவர் எலிசர்.

"உங்க சோத்தத் தின்னுட்டு உங்க கழுத்தையே நெரிக்கணுமாண்ணே?"

"அதுக்குத்தான் சோறு போட்டேன்னு வச்சுக்க. வா."

தொடங்கினார்கள். கொஞ்ச நேரம் அவள் பட்டும் படாமலும்தான் பிடித்தாள். அவர் முறைத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போனாள். கை கழுத்தைச் சுற்றி வந்தது. எலிசர் முகம் சிவந்து, கறுத்து, கடைசியில் அவர் கை அவள் முழங்கையில் இரண்டு தட்டுத் தட்டியது.

ரிசெல் சுட்டதுபோல் கையை எடுத்தாள். "ஐயோ, வலிச்சிருச்சாண்ணே?" அழுதுவிடுவாள் போலிருந்தது. கூடத்தில் எல்லாரும் உருளுவதை நிறுத்திவிட்டார்கள்.

எலிசர் இருமினார். மூச்சு வாங்கினார். அவளைத் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டித் துழாவி, அவள் கையைப் பிடித்து, தன் கழுத்தைச் சுற்றி மறுபடியும் வைத்துக்கொண்டார்.