இரண்டு டன் பேரீச்சம்பழம்

ஓர் ஓட்டைக் குடத்துக்கு இரண்டு கை பேரீச்சம்பழம் என்றால், இரண்டு டன் இரும்புக்கு எவ்வளவு? மூன்றாம் வகுப்பில் யாரும் சொல்லாமல் நானாகப் போட்ட ஒரே கணக்கு அதுதான். வீட்டில் வைக்க இடம் போதாது என்று விடை வந்தது.

கணக்கைக் கிளப்பிவிட்டவர் அப்பா. பாபநாசத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். அதில் இரண்டு டன் எடையில் ஒரு பழைய சிஎன்சி மில்லிங் மெஷின். அளவை எழுதிக் கொடுத்தால் இரும்பைத் தானாகவே செதுக்கித் தரும். அரிசி ஆலைக்கும் அறுவடை வண்டிக்கும் வேண்டிய உதிரிகள் அதில்தான் பிறந்தன. அந்த ஐப்பசி மழையில், மெஷினுக்குப் பக்கத்தில் பீரோ உயரத்துக்கு நின்ற கட்டுப்பாட்டுப் பெட்டி கண்ணை மூடிவிட்டது. அந்த மாடலுக்கு இப்போது எதுவும் கிடைக்காது என்று கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள்.

"பொங்கலுக்குள்ள ஓடலன்னா பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு, திருச்சில எங்கயாச்சும் கூலிக்குப் போயிட வேண்டியதுதான்" என்றார் அப்பா.

இவ்வளவு நீளப் பேச்சில் என் காதில் தங்கியது ஒரே ஒரு சொல்.

"எவ்ளோப்பா குடுப்பாங்க?"

அப்பா "நெறைய" என்று சொல்லிவிட்டு வாய்க்கால் பக்கம் நடந்துபோனார்.

என் பழங்களுக்கு எமனாக வந்தாள் அத்தை. அப்பாவின் தங்கை, ஓசூரில் மெஷின்களோடு மல்லுக்கட்டும் வேலை. பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினாள். "உடம்பு நல்லாத்தாண்ணே இருக்கு. மூளதான் போயிடிச்சி. மாத்திடலாம்" என்றவள், பீரோவின் குடலை உருவி வெளியே போட்டாள். அந்த இடத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு புதுப் பெட்டியை வைத்து, அதை ஒரு லேப்டாப்போடு இணைத்தாள். அவள் வேலை விளங்காமல் போக வேண்டும் என்று தினமும் மனமுருகிப் பிரார்த்தித்தேன். பக்தியில் நான் எப்போதுமே ஒரு படி அதிகம்தான்.

ஒன்பதாம் நாள் சோதனை. "காலைல எழுந்ததும் இதுக்குத் தான் எங்க இருக்கோம்னே தெரியாதுடி" என்று எனக்கு விளக்கினாள் அத்தை. "இரும்ப வைக்கற மேசை மெதுவா ஒரு மூலைக்குப் போயி அங்க இருக்கற சுவிட்சத் தொடணும். அப்பதான் புத்தி வரும்."

"அப்பாவுக்கு காப்பி மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

சுவிட்ச் பேசாவிட்டால் மேசை நிற்காமல் போய் முட்டும். உள்ளே மேசையை நகர்த்தும் திருகுத்தண்டு வளைந்துவிட்டால், பிறகு மெஷின் பேரீச்சம்பழத்துக்குத்தான் லாயக்கு. அதனால் மெஷினைச் சட்டென்று நிறுத்த, நீளமான ஒயரின் நுனியில் ஒரு சிவப்புப் பொத்தான். அத்தை அதை முதலில் அப்பாவிடம்தான் நீட்டினாள்.

"என்னால அதப் பாக்க முடியாதும்மா. வேற ஆளப் பாரு" என்றார் அப்பா.

அத்தை பெட்டிக்குப் பின்னால் லேப்டாப்போடு இருக்க வேண்டும். அங்கிருந்து மேசை தெரியாது. மிச்சம் இருந்தது நான்.

"இவள்ட்டயா குடுக்கற?"

"தொடாதன்னு சொன்ன சாமான்லேருந்து இவ கண்ண எடுக்கவே மாட்டாண்ணே." என் குணத்தை இதைவிட மரியாதையாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை. மேசையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். "கோட்டத் தாண்டினா அமுக்கு. வேற எப்பவும் அமுக்காத."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அவர்கள் டீ குடிக்கப் போனதும் நான் பொத்தானை ஏழெட்டு முறை அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விஷயம் புரிந்துவிட்டது. அணைத்து வைத்த டிராக்டரில் ஏற்றி ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்வார்களே, அந்த ஏமாற்று வேலைதான் இதுவும். கரண்ட் இல்லாதபோது எந்தப் பொத்தான்தான் வேலை செய்யும் என்கிற கேள்விக்கு என் மூளையில் அன்று இடமில்லை. எல்லாம் பழத்துக்கு ஒதுக்கியாகிவிட்டது.

கரண்ட் வந்ததும், அமுங்கிக் கிடந்த பொத்தானைத் திருகி விடுவித்து என் கையில் கொடுத்துவிட்டு அத்தை பெட்டிக்குப் பின்னால் போனாள். அப்பா மெஷினுக்கு முதுகைக் காட்டி, சுவரில் தொங்கிய வேளாங்கண்ணி மாதா காலண்டரைப் பார்த்தபடி நின்றார். மேசை ஊர்ந்தது. சுவிட்சைத் தொட்டது. நிற்கவில்லை. கோட்டையும் தாண்டியது.

பொம்மைதானே, அமுக்கினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று அமுக்கினேன். மொத்த மெஷினும் செத்ததுபோல் நின்றது. நான்தான் உடைத்துவிட்டேன் என்று வீட்டுக்குள் ஓடி நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அத்தை தேடிக்கொண்டு வந்தாள். "சுவிட்ச் ஒயர எலி கடிச்சிருக்கு. நல்ல நேரத்துல அமுக்கினடி தங்கம்."

"அது பொம்மதானே அத்த?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குரலைத் தாழ்த்தி, "அண்ணன்ட்ட இத மட்டும் சொல்லிடாத" என்றாள்.

இதுவரை சொல்லவில்லை. இன்று நானும் ஊர் ஊராகப் போய்ப் பழைய மெஷின்களுக்கு மூளை மாற்றுகிறேன். எங்கே போனாலும் முதலில் சிவப்புப் பொத்தானைச் சோதிப்பேன், கரண்ட் இருக்கும்போது. எட்டு வயதுக் குரங்கின் கையில் நிஜமானதையே நம்பிக் கொடுத்தவளுக்கு நான் பட்ட கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

அந்தச் சோதனைக்கு மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மறுபடி கரண்ட் இல்லை. கொட்டகையில் சத்தமே இல்லை. வாசலில் நின்ற அப்பா ஒரு பொட்டலத்தை நீட்டினார். பேரீச்சம்பழம். அரைக்கிலோ இருக்கும்.

பொட்டலத்தைக் கையில் தூக்கி எடை பார்த்தேன். "இவ்ளோதான் குடுத்தாங்களா? ஒங்கள நல்லா ஏமாத்திட்டாங்கப்பா."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அந்த மழைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. சற்றைக்கெல்லாம் கொட்டகைக்குள் அத்தையின் குரலும், மேசை தன் மூலையைத் தேடி ஊர்கிற சத்தமும் கேட்டன. ஊர்ந்தது, தொட்டது, நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழமும் வந்துவிட்டது, மெஷினும் போகவில்லை. அப்படியானால் ஏமாந்தது பேரீச்சம்பழக்காரர். என் அப்பா இவ்வளவு கெட்டிக்காரரா என்று பெருமை தாங்கவில்லை. அவருக்கும் ஒரு பழம் கொடுத்தேன். ஆனால் அதை வாயில் போட்டுக்கொண்டு, ஒருவரை ஏமாற்றி ஜெயித்த மனிதர், எதற்காகத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்பதுதான் புரியவில்லை.