எந்த ஆவாரம்?

ஆம்பூருக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துகொண்டேன். அந்த ஊரில் ஆவாரம் என்றால் பூ இல்லை, பட்டை. எங்கள் திமிரிப் பக்கத்தில் ஆவாரம் என்று சொன்னால் வரப்போரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்பதுதான் நினைவுக்கு வரும். பறித்து, நிழலில் உலர்த்தி, இடித்து, உடம்புக்குத் தேய்த்துக் குளிப்போம். ஆம்பூரில் அதே செடியின் பட்டையை உரித்து வண்டி வண்டியாகத் தோல் கிடங்குகளுக்குக் கொண்டுபோவார்கள். பட்டை ஊறிய தண்ணீரில் கிடந்தால்தான் பச்சைத் தோல் பதமாகும். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பழமொழி சொல்கிறார்கள். அந்த ஊரில் ஆவாரையைப் பூக்க விட்டால்தானே!

அப்பாவும் அம்மாவும் ஒரே காய்ச்சலில் அடுத்தடுத்துப் போன பிறகு, அக்காதான் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவளுடைய வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். உருது பேசும் சாயபு ஒருவரின் தோல் கிடங்கில் அவர் பட்டை மேஸ்திரி. வருகிற பட்டையைத் தரம் பார்ப்பது, தொட்டிகளில் எவ்வளவு போடுவது என்று சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. கிடங்கிலிருந்து வரும்போதெல்லாம் அவர் கைகளில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதோ இருக்கும். வேலை அழுக்கு என்று நினைத்து நான் அதைப்பற்றிக் கேட்டதே இல்லை.

கிடங்கு விஷயங்களைச் சாப்பாட்டு வேளையில் பேசுவது அவர் வழக்கம். ஒருமுறை ஒரு தொட்டியில் யாரோ இரும்பு ஆணியைப் போட்டுவிட்டார்களாம்.

"பட்டத் தண்ணில இரும்பு பட்டா அவ்ளோதான். அத்தனை தோலும் மை கொட்டின மாதிரி கறுத்துப் போச்சு. சாயபு ஆடின ஆட்டம் இருக்கே!" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். தோல் என்றால் கிடங்கில் கிடப்பது என்றுதான் நான் நினைத்தேன். என் மேல் இருப்பதும் தோல்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோலால் பிழைத்த அந்த வீட்டில் சோப்பு மட்டும் ஆகாது. மாமா ஒரு தடவை வேலூர் லாங் பஜாரிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு வாசனைச் சோப்பு வாங்கி வந்தார். அக்கா அதைக் கையால் தொடவில்லை. பச்சைத் தோலின் உட்புறத்தில் சுரண்டி எடுக்கிற கொழுப்பை மூட்டை கட்டிச் சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்கு அனுப்புவதை அவள் கண்ணால் பார்த்தவள். "தோல்ல சுரண்டினத எடுத்துத் தோல் மேலயே தேய்ச்சிக்கிறதா? உங்க சோப்பும் வேணாம், வாசனையும் வேணாம்" என்றாள். கடைசியில் அது மாமாவின் அங்கவஸ்திரம் துவைக்கப் பயன்பட்டது. துணி மணத்தது. அழுக்குத்தான் போகவில்லை.

எங்களுக்குத் தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பொடி. அந்தப் பொடி விஷயத்தில் நான் கொஞ்சம் கர்வம் பிடித்தவள். பாசிப்பயறு அதிகம் இருக்க வேண்டும், கடலைப்பருப்பு குறைவாக இருக்க வேண்டும். கடலை மிஞ்சினால் தோல் வறண்டு சொரசொரக்கும். பூலாங்கிழங்கும் வெட்டிவேரும் வாசனைக்கு. கார்போக அரிசி சொறி சிரங்கு அண்டாமலிருக்க. கஸ்தூரி மஞ்சளைப் பேருக்குத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மாரியம்மன் கோயில் சிலை மாதிரி ஆகிவிடுவோம். ரோஜா மொட்டு கிடைத்தால் போடலாம், கிடைக்காவிட்டால் குடி ஒன்றும் முழுகிப் போகாது. ஆனால் ஆவாரம் இல்லாத பொடி பொடியே இல்லை. உடம்புச் சூட்டைத் தணித்து, வெயிலில் அலைந்த தோலுக்கு ஒரு மினுமினுப்பைக் கொடுப்பது அதுதான். ஆம்பூரில் பூ கிடைக்காது என்பதால் திமிரியிலிருந்து வரும்போதே உலர்ந்த பூவை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அந்தப் பை அக்காவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. நாங்கள் இருவரும் அதை 'ஆவாரம்' என்போம். மாமாவுடைய சரக்கைப் 'பட்டை' என்போம். ஊரெல்லாம் வேறு மாதிரிப் பேசினாலும் எங்களுக்குள் திமிரிப் பேச்சுத்தான்.

அந்தச் சமயத்தில்தான் வேலூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு வாத்தியாரைப் பற்றிக்கூட அவ்வளவு நினைப்பில்லை. தூது வந்த பெரியவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "பொண்ணு எட்டாவது படிச்சிருக்கான்னு கேட்டதும் பையனுக்கு ரொம்ப சந்தோஷம். கல்யாணம் ஆனதும் டிரெயினிங் ஸ்கூல்ல சேர்த்து, அவளையும் வாத்தியார் ஆக்கிடறேன்றான்" என்றார். எங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்ததும் அதேதான். அவரோடு எரிந்துபோன ஆசை என்று நான் விட்டுவிட்டிருந்தேன். அன்றிலிருந்து அடுப்பு ஊதும்போதும் கரும்பலகைதான் கண் முன்னால் நின்றது. அந்த வரன் அமைந்தால் நான் டீச்சர். இல்லாவிட்டால் அக்கா வீட்டு அடுப்படி.

அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி நிற்கவே இல்லை. தண்ணீர் சேந்துவது, மாவு இடிப்பது, கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம் நான்தான். அதனால் அவள் முகம் சுண்டுமோ என்று பயந்தேன். சுண்டவில்லை. தலைவாரிவிட்டாள். தன் அரக்குப் புடவையை எடுத்து மடித்து வைத்தாள். "டீச்சரம்மா வந்தா எங்க புள்ளைங்களுக்கு அடி கம்மியா கொடும்மா" என்று கேலி செய்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நான் அதை நம்பினேன்.

பெண் பார்க்க வருவதாகச் சொன்ன வாரத்தில் நான் வீட்டுக்குத் தூரம். பின்கட்டில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். உரலையும் உலக்கையையும் தொடக்கூடாது. பொடியோ தீர்ந்துபோயிருந்தது. பின்கட்டிலிருந்தே குரல் கொடுத்தேன்.

"அக்கா, பொடி இடிச்சு வையேன். ஆவாரம் கொஞ்சம் ஜாஸ்தியா போடு."

"போடறேன்டி, போடறேன். நீ வாய மூடிக்கினு உக்காரு" என்றாள்.

உலக்கைச் சத்தம் கேட்டது. இடுப்பு வலியோடு எனக்காக இடிக்கிறாளே என்று மனம் நெகிழ்ந்துபோனது. அந்த நெகிழ்ச்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அவர்கள் வருகிற அன்று காலையில் தலை முழுகப் போனேன். வழக்கமாக வெந்நீர் போடும் செப்பு அண்டாவைக் காணவில்லை. நெல் அவிக்கிற இரும்புக் கொப்பரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கொப்பரையின் விளிம்பெல்லாம் துரு.

"அண்டா ஓட்டையாயிடுச்சு. அடைக்கக் கொடுத்திருக்கேன்" என்றாள் அக்கா.

பொடியைக் குழைத்து முகம், கழுத்து, கை, கால் எல்லாம் பூசிக்கொண்டேன். கொஞ்சம் துவர்ப்பு வாசனை அடித்தது. ஆனால் அந்த ஊர்க் காற்றே துவர்ப்பு வாசனைதான், மூக்குக்கு என்ன தெரியும்? பொடி காயும்வரை இருந்து தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டேன். வெளியே வந்து வெயிலில் தலை உலர்த்தும்போதுதான் கையைப் பார்த்தேன். விரல் இடுக்குகளில் மை கசிந்த மாதிரி இருந்தது. முழங்கையில் கருநீலமாக ஒரு திட்டு. ஓடிப்போய்க் கண்ணாடி பார்த்தேன். கன்னத்திலும் தாடையிலும் கழுத்திலும் அதே திட்டுகள். மறுபடியும் பொடியை எடுத்து, கொப்பரைத் தண்ணீரை ஊற்றி, தோல் உரிகிற மாதிரி தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது கறுத்துக்கொண்டே போயிற்று.

வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது.

அக்கா என் முகத்தைப் பார்த்து, "ஐயய்யோ, இன்னாடி இது?" என்றாள். பிறகு முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்தி, "குனிஞ்சே இரு, ஒண்ணும் தெரியாது" என்று என்னைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். குனிந்தால் முகம் மறையும். தாம்பாளத்தை நீட்டுகிற கை எங்கே மறையும்? மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலை எடுக்க வந்த கையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"கையைக் காட்டும்மா. இது எத்தனை நாளா இருக்கு?"

வாத்தியார் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். யாரோ மெதுவாக, "மேக வியாதி மாதிரி இருக்குதே" என்றார்கள்.

மாமா எதிரில் உட்கார்ந்திருந்தார். ஊரிலேயே பட்டைக் கறையை ஒரு பார்வையில் சொல்லக்கூடிய மனுஷர். என் கையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "இது வியாதி இல்லைங்க, பட்டைக் கறை, கழுவினா போய்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் எழுந்து போய் வண்டிக்காரனிடம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்று கேட்டார்.

அவர்கள் பலகாரம்கூடச் சாப்பிடவில்லை. ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும்.

வண்டி தெருமுனை திரும்பியிருக்காது. நான் பின்கட்டில் குப்புற விழுந்து அழுதுகொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னை நிமிர்த்தினாள். அவள் கையில் எலுமிச்சம்பழம், இரண்டாக நறுக்கியது. ஒரு மூடியை எடுத்து என் கன்னத்தில் மெதுவாகத் தேய்த்தாள். கழுத்தில் தேய்த்தாள். கையைப் பிடித்து விரல் விரலாகத் தேய்த்தாள். கறை பிரிந்து ஓடியது. அடியிலிருந்து என் தோல் பழையபடி வெளியே வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அவ்வளவு பதமாகச் செய்தாள்.

எனக்கு அழுகை நின்றுபோயிற்று. மாமாவின் கைகளை அவள் தினமும் எப்படிச் சுத்தம் செய்வாள் என்று அப்போதுதான் புரிந்தது. ஆணிக் கதையும் ஞாபகத்துக்கு வந்தது.

"எலுமிச்சம்பழம் உனக்கு எப்படிக்கா தோணிச்சு?" என்று கேட்டேன்.

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பொடியில இன்னா போட்ட?"

"நீதானே ஆவாரம் ஜாஸ்தியா போடுன்னே? போட்டேன். இந்த ஊர்ல ஆவாரம்னா பட்டை தானே? எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. பிறகு தணிந்து, "எல்லாம் நல்லதுக்குத்தான். உனக்கு இன்னும் வயசு இருக்குது" என்றாள். கைக்குழந்தை அழுதது. எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே செப்பு அண்டா அடுப்படிக்குத் திரும்பி வந்துவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை அடைத்த தடம் எங்கும் இல்லை. டிரங்குப் பெட்டியில் துணிப்பை போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது.

எதிரி செய்தால் எதிரி என்று ஒதுக்கிவிடலாம். நம்பவைத்துக் கழுத்தறுத்தது என் உடன்பிறந்தவள். அதிலும் அவள் இரும்பையும் பட்டையையும்விட ஒரு வார்த்தையை வைத்து என்னை ஏமாற்றினாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. எங்கள் அம்மா வீட்டில் பேசிய பேச்சை, தப்பித்துக்கொள்வதற்காக ஒரு நிமிஷத்தில் தெரியாது என்று சொல்லிவிட்டாள். திமிரிக்காரி ஒரு நொடியில் ஆம்பூர்க்காரி ஆகிவிட்டாள். வேலூரிலிருந்து கடிதம் வரவில்லை. நான் அங்கேயே இருந்து தண்ணீர் சேந்தினேன், மாவு இடித்தேன். பிள்ளைகள் ஓடியாடுகிற வயது வந்த பிறகு வாலாஜாபேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாத மனுஷர். என்னை மட்டும் அல்ல, எந்தப் பெண்ணையும் படிக்கவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

நான் மடியில் போட்டு வளர்த்த அந்தக் கைக்குழந்தை பெரியவளானபோது மஞ்சள் நீராட்டுக்கு ஆம்பூர் போனேன். பொடி இடிக்கிற வேலையை அக்கா என்னிடம்தான் கொடுத்தாள். அவளுக்குத் தலை நரைத்திருந்தது, இடுப்பு இன்னும் வளைந்திருந்தது. பெண்ணை மணையில் உட்காரவைத்திருந்தார்கள். நான் கிண்ணத்தில் பொடியைக் கொட்டினேன்.

அக்கா எட்டிப் பார்த்து, "ஆவாரம் போட்டியாடி?" என்றாள்.

"எந்த ஆவாரம் அக்கா?"

"இன்னாடி கேள்வி இது? நமக்கு என்னிக்கும் ஆவாரம்னா பூ தானே? திமிரிக்காரிங்க நாம. பட்டையவா கொண்டாந்து…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் கொண்டுவந்திருந்த துணிப்பையைப் பார்த்தாள், தன் மகளுடைய கைகளைப் பார்த்தாள்.

"சித்தி, குளிருது. சீக்கிரம் தேய்ங்க" என்றாள் பெண்.

நான் பொடியைக் குழைத்தேன். அதில் பூதான் இருந்தது. அக்கா உள்ளே போனாள். வெந்நீரைத் தானே தூக்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி, தள்ளாடித் தள்ளாடி வந்து என் பக்கத்தில் வைத்தாள். செப்புக் குடத்தில் கொண்டுவந்திருந்தாள்.