எட்டுச் சுழிக் கையெழுத்து

தாலுகா கச்சேரி மசிக்கு ஒரு துரு வாசனை உண்டு... பெருவிரலில் அதைத் தடவக் கையை நீட்டியபோதுதான் குமாஸ்தா தடுத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எங்கள் பக்கம் மகாராஜா ஆட்சி. என் தம்பி செல்லையாவுக்குச் சீமையில் படிக்க சர்க்கார் ஸ்காலர்ஷிப் கிடைத்திருந்தது. திரும்பி வந்து சர்க்காரில் வேலை பார்க்க வேண்டும். வராவிட்டால் ஜாமீன் நின்றவரின் சொத்து போய்விடும். திருவட்டாறு பக்கம் என் பெயரில் ஒரு பனைவிளை இருந்தது. நான்தான் ஜாமீன்.

“கைநாட்டா வே? அப்ப சொத்துள்ள ரெண்டு ஆள சாட்சிக்குக் கூட்டிட்டு வாரும். சாயங்காலம் பேப்பர் திருவனந்தபுரம் போவும். பெறவு வந்தா ஒண்ணும் நடக்காது” என்றார்.

பனையேறி வீட்டுப் பையன் கப்பலேறச் சாட்சி நிற்க யார் வருவார்கள்?

தம்பியைக் கச்சேரிக்குப் பின்னால் புளியமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“ஏலே, எனக்க பேர மண்ணுல எழுது. நான் பாத்து வரஞ்சிருவேன்.”

“ஒக்குமா அண்ணா?”

“அம்பது பனை ஏறுறவனுக்கு இது ஒக்காதா? எழுதுலே.”

குச்சியால் எழுதினான். முதலில் காலை மடக்கி உட்கார்ந்த ஆள் மாதிரி ஒரு எழுத்து. பிறகு சுழிகள். மூணு, மூணு, ரெண்டு... அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். வெயில் சாயும்வரை அழித்து அழித்து வரைந்தேன்.

குமாஸ்தா முன்னால் எட்டுச் சுழியையும் போட்டு முடித்தேன். அவர் கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம்பியை ரொம்ப நேரம் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

தம்பி போனான். நாலு வருஷத்தில் திரும்பி வந்து சர்க்கார் வேலை பார்த்தான். விளை தப்பியது. அவன் காலமாகியும் பல வருஷமாகிறது.

போன வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்கினார்கள். சொல்லித் தரும் பிள்ளை என் சிலேட்டில் ‘தாசன்’ என்று எழுதி, “இதான் உங்க பேரு, பாட்டா” என்றாள்.

“இல்ல மக்கா. எனக்க பேருல எட்டுச் சுழி உண்டு.”

“எங்க, எழுதுங்க பாப்போம்.”

மூணு, மூணு, ரெண்டு. அறுபது வருஷமாகியும் கை மறக்கவில்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பாட்டா, இது ‘அண்ணன்’னுல்லா இருக்கு.”

வகுப்பே சிரித்தது. நானும்தான்.

என் பெயர் அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? பதற்றத்தில் அவன் கைக்கு வந்தது அதுதான். பிறகு சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது. குமாஸ்தா படித்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார் என்பதும் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இந்த மாதம் தம்பியின் பேத்தி லண்டனுக்குப் படிக்கப் போகிறாள். பேங்கு லோன். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நிழலுக்குப் புளியமரம் தேட வேண்டியதில்லை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டார்கள். பேனாவை வாங்கி ‘தாசன்’ என்று எழுதினேன். யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

சுழி ரெண்டே ரெண்டு... சட்டென்று முடிந்துவிட்டது.