தம்பிஐயாவின் வதிவிடம்

“மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும்” என்று தொடங்குவதில் யாருக்கும் மறுப்பில்லை. அதற்கு அடுத்த சொல்லில்தான் எல்லாம் இழுபட்டு நின்றது.

தம்பிஐயா கண்மூடி இருபத்துநான்கு நாள் ஆகியிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பு மகள் தர்சிகாவிடம் வந்தது. கணிதம் படிப்பிக்கிறவள், நாலு பக்கத்தைப் பத்துத் தரம் அடித்துத் திருத்தி எழுதி, சாவகச்சேரியில் அச்சகம் வைத்திருக்கும் கோபிசங்கரிடம் கொண்டுபோனாள். முன்மட்டைக்கு வதிவிடம் ஒன்று கேட்டான். அவள் ஏழு ஊர் எழுதிக் கொடுத்தாள்.

“என்னக்கா, பஸ் ஓடுற பாதை மாதிரிக் கிடக்கு?”

“அவர் இருந்த இடங்கள்தான் தம்பி.”

“எல்லாரும் இடம்பெயர்ந்தவைதானே. ஆனா கல்வெட்டிலை ஒரு ஊர்தான் போடுறது. மிஞ்சினால் இரண்டு.”

“இந்த முறை ஏழு போடு.”

ஏழுக்கும் கணக்கு இருந்தது. பதினாலு வயதில் தகப்பனோடு வள்ளம் ஏறியவர் தம்பிஐயா. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ஷெல் விழத் தொடங்கியபோது, மனைவி கனகாம்பிகையையும் மகன் சுபாஸையும் பத்து வயது தர்சிகாவையும் கூட்டிக்கொண்டு நடந்தார். மூன்று நாளில் வந்துவிடலாம் என்று வலையைக் காயப்போட்டபடியே விட்டுவிட்டுப் போனார். திரும்பி வர இருபத்தேழு வருடம் சென்றது. மல்லாகத்தில் பள்ளிக்கூட மண்டபம், பிறகு கோப்பாய், சாவகச்சேரி, கரவெட்டி, திரும்பவும் மல்லாகத்தில் முகாம், பிறகு அரியாலை, ஏழாவதாகத் திரும்பவும் மயிலிட்டி. முகாமில்தான் கனகாம்பிகை காய்ச்சலில் போனாள். கடலுக்குப் போகத் தடை இருந்த காலத்தில் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்றார். அரியாலையில் இறால் பிடித்தார். “முழங்கால் நனையாத தண்ணிக்குள்ளை நிண்டு பிடிக்கிறதும் ஒரு தொழிலோ?” என்று ஏசிக்கொண்டே பிடித்தார்.

அதே சைக்கிளில்தான் பேத்தி தனுஷிகாவை ரியூஷனுக்கு ஏற்றிப் போவார். ஒருநாள் அவள் சந்தியிலேயே இறங்கி நடக்கிறேன் என்றாள். மறுநாள் கரியரைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டு, அப்போதும் சந்தியிலேயே இறக்கிவிட்டார். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிற தனுஷிகா, “அதையும் எழுதுங்கோம்மா, என்ரை பேரைப் போட்டே எழுதுங்கோ” என்று அழுதாள். தர்சிகா எழுதினாள்.

ஆமி பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டபோது மயிலிட்டியில் வீடும் இல்லை, வேலியும் இல்லை, ஒரே பற்றைக் காடு. எல்லாரும் தங்கள் காணியைத் தேடித் தடுமாறினார்கள். தம்பிஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கழுத்தளவு கடலுக்குள் இறங்கித் திரும்பிப் பார்த்தார். வீட்டை அவர் வாழ்நாள் முழுக்க வள்ளத்திலிருந்து பார்த்துத்தான் பழக்கம். “அந்தா, உந்தப் பூவரசுக்கு மேற்காலை” என்று கையைக் காட்டினார். பிறகு அளந்து பார்த்தபோது இரண்டு முழம்தான் பிழை. அந்த இரண்டு முழத்துக்காகப் பக்கத்துக் காணிக்காரனோடு ஒரு வருடம் கதைக்காமல் இருந்தார்.

இதற்கிடையில் எட்டு மாதம் கனடாவில் சுபாஸ் வீட்டில் நின்றார். ஏரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்களாம். “உப்பில்லாத தண்ணியை இவ்வளவு வைச்சு என்ன செய்யிறியள்?” என்று கேட்டுவிட்டு வந்தவர், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த எட்டு மாதம்தான் இப்போது வந்து நின்றது.

“எடி தர்சி, கனடா ஸ்காபரோ எண்டு போடு. போதும்,” என்றான் சுபாஸ் போனில்.

“எட்டு மாசம் அண்ணை. பத்தாவது கிழமையிலேயே ரிக்கற் எப்பவெண்டு கேட்டவர்.”

“அதுக்காக அகதி முகாமெண்டு அச்சடிச்சுக் குடுக்கப்போறியோ? இஞ்சை என்ரை மனிசியின்ரை ஆக்களும் வாசிப்பினம்.”

“அவர் இருந்தவர் அண்ணை. நீயும்தான் இருந்தனி.”

“நான் இருந்ததை நீ எழுதத் தேவையில்லை.”

தொடர்பு அறுந்தது. தர்சிகா தான் எழுதியதையே அச்சுக்குக் கொடுத்தாள்.

அந்தியேட்டியன்று காலை மூன்று பெட்டிகளில் புத்தகம் வந்தது. முன்மட்டையில் ‘மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட’ என்று பொன்னிற எழுத்து. உள்ளே நாலு பக்கம் இரண்டாகச் சுருங்கியிருந்தது. முகாம் இல்லை, மீன்பெட்டி இல்லை, சந்தி இல்லை.

“அண்ணை நேரை எனக்குப் போன் எடுத்துச் சொன்னவர் அக்கா. மூத்த ஆம்பிளைப்பிள்ளை. நீங்கள் இரண்டுபேரும் கதைச்சுத்தான் எண்டு நினைச்சன்,” என்றான் கோபிசங்கர். அவனுடைய முகத்தைப் பார்த்தால் கள்ளமில்லாமல்தான் சொல்கிறான் என்று தெரிந்தது. அதனால் அவனை ஏசவும் முடியவில்லை.

தாயும் மகளும் பேனையால் ஒவ்வொன்றாக வெட்டித் திருத்தத் தொடங்கினார்கள். முப்பதுகூடத் திருத்தவில்லை, சனம் வரத் தொடங்கிவிட்டது. யாரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் அடைக்கலநாதன் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். மல்லாகம் முகாமில் அடுத்த அறைக்காரர். கனகாம்பிகையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாலுபேரில் ஒருவர்.

“பிள்ளை, எங்கடை முகாம் இதிலை இல்லையே?”

“இல்லை மாமா.”

“பத்து வருசத்துக்கு மேலை இருந்தனாங்கள். ஒரு வரியும் இல்லையோ? வெக்கமோ உங்களுக்கு?”

தர்சிகாவுக்குப் பொறுக்கவில்லை. கனடாவில் அப்போது விடியப்புறம் மூன்று மணி. அதைப் பார்க்காமல் வீடியோ அழைப்பை அழுத்தினாள். சுபாஸ் எடுத்ததும் போனைக் கிழவரின் கையில் வைத்தாள்.

“இதை நீங்களே அவனிட்டைக் கேளுங்கோ மாமா. எனக்குச் சொன்ன மாதிரியே கேளுங்கோ.”

அடைக்கலநாதன் எச்சில் கையை வேட்டியில் துடைத்தார். திரையில் நித்திரை கலைந்த சுபாஸின் முகம்.

“ஆர், சுபாஸ் தம்பியோ? எப்பன் மெலிஞ்சு போனாய் ராசா. நித்திரையைக் குழப்பிப்போட்டனோ? சாப்பிட்டனியோ?”

முகாமைப் பற்றிக் கேட்காமலே போனைத் தர்சிகாவிடம் நீட்டினார்.