கோழிக்குப் பதினெட்டு அடி

கூண்டைத் திறந்துவிட்டது நான்தான். அதற்காக அப்பா கொடுத்த இரண்டு அறையை நியாயம் என்று இன்றுவரை நான் ஒப்புக்கொண்டதில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது சொந்தமாகச் சம்பாதிக்கிறேன், என் வாடகையை நானே கட்டுகிறேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் முள்செடி மண்டிய நீள மனை ஒன்று சும்மா கிடந்தது. அப்பா குந்தாரப்பள்ளிச் சந்தையிலிருந்து ஆறு நாட்டுக்கோழி வாங்கி வந்து அதில் மேயவிட்டார். எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். கோழிகள் மூன்று பாஷையிலும் திட்டு வாங்கின. திட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒன்றைக் கீரி இழுத்துப் போனது, ஒன்றை நாய் கவ்வியது. மிச்சம் நான்கு. அதில் கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வைத்த பெட்டை என்னுடையது. யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

அப்பா ஒரு லேத் பட்டறையில் உதிரி பாகங்களுக்கு அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்தார். வீட்டிலும் எல்லாம் அளவோடு இருக்க வேண்டும் அவருக்கு. பாகங்களை அள்ளிப் போடும் இரும்பு வலைப்பெட்டி ஒன்றைப் பட்டறையில் கழித்துப் போட்டிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தார். மூன்றடிக்கு இரண்டடி. நான்கு கோழியையும் உள்ளே விட்டு, மூடி போட்டு, கம்பியால் முறுக்கினார். அதற்கப்புறம் கீரியாலும் நாயாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. முட்டை நின்றது. என் புள்ளிக்கோழியின் முதுகில் இறகெல்லாம் போய்ச் சிவந்த தோல் தெரிந்தது. அழுதுகொண்டே போய்ச் சொன்னேன். அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"உசுரோட இருக்குதில்ல, அப்புறம் என்னாத்துக்கு அழுவற?" என்றார்.

அந்த ஆத்திரத்தில் தினமும் பள்ளிவிட்டு வந்ததும் கம்பியைப் பிரித்துக் கோழிகளைத் திறந்துவிட்டேன். நான்காம் நாள் நாய் வந்தது. ஒரு கோழி போயிற்று. அறை விழுந்தது அன்றைக்குத்தான். கூடவே தீர்ப்பும் வந்தது: வருகிற ஞாயிற்றுக்கிழமை மிச்சம் மூன்றும் குழம்பு. நான் தொட மாட்டேன் என்றேன். தொடாதே, எங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே கிடைக்கும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். அத்தை அப்பாவின் தங்கை. வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை; கம்பெனிப் பெண்களுக்கான ஹாஸ்டலில் வாசம். கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போகும், கொண்டுவந்து இறக்கும், கேட்டைப் பூட்டுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வெளியே விடுவார்கள். அன்றைக்கும் ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அங்கே சேர்த்துவிட்டவர் அப்பாதான். வயசுப்பெண்ணுக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார்.

உள்ளே அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அத்தை நேராகப் பின்பக்கம் வந்து கூண்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். முதுகுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். மற்ற கோழிகள் கொத்திவிட்டன என்றேன். "அதுங்க மேல தப்பு இல்ல பாப்பா," என்றாள். பிறகு எழுந்து அப்பாவிடம் போனாள். "அண்ணா, இன்னிக்கு ஒரு நாளு குடு. நான் வேலி கட்டறேன். நாயும் வராது, இதுங்களும் காலாற நடக்கும்."

அப்பா சிரித்தார். சரி, சாயங்காலம் வரைக்கும், முடியாவிட்டால் ராத்திரிக்குக் குழம்பு என்றார்.

என்னையும் கூட்டிக்கொண்டு இரும்புக்கடைக்குப் போனாள். கடைக்காரர் மெல்லிய கோழிவலையை எடுத்துப் போட்டார். அத்தை அதன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, இது கோழியைத்தான் நிறுத்தும், நாய்ப் பல்லுக்கு நிற்காது என்று திருப்பிக் கொடுத்தாள். சின்னக் கட்டம் போட்ட தடித்த கம்பிவலை வாங்கினாள். சவுக்குக் கம்புகள் வாங்கினாள். மேலே போட, ரோஜாத் தோட்டக்காரர் ஒருவர் கழித்துப்போட்ட பச்சை நிழல்வலை கிடைத்தது.

அப்பா டேப்போடும் பென்சிலோடும் வந்து நின்றார். மூன்று கோழிக்கு ஆறுக்கு நாலு தாராளம் என்றார். அத்தை டேப்பை வாங்கவே இல்லை. மனையின் ஒரு மூலையைக் காட்டி, "இங்கேருந்து ஓடு பாப்பா," என்றாள். ஓடினேன். எனக்கு நன்றாக வேகம் பிடித்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தி, அங்கே ஒரு கல்லை நட்டாள். அப்பா அளந்து பார்த்தார், பதினெட்டு அடி. "வேகம் எடுக்கறதுக்குள்ள மூக்குல வலை முட்டுச்சுன்னா அது வேலி இல்லண்ணா, பொட்டி," என்றாள். உயரமும் அவள் நிமிர்ந்து நிற்கிற அளவு வேண்டுமாம். கோழிக்கு எதற்கு ஆறடி என்று அப்பா கேட்டார். உள்ளே போய்க் கூட்டுகிறவள் எத்தனை நாள் குனிந்தே கூட்டுவாள் என்று கேட்டாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே குழி தோண்டினார்.

வலையைக் கம்பத்தோடு பிணைக்கும்போதுதான் அத்தையின் கையைப் பார்த்தேன். ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டைப் பட்டையைச் சுற்றி, நுனியைக் கோத்து, ஒரே இழுப்பு. கண் வேறெங்கோ இருக்கும், விரல் தப்பாது. கம்பெனியில் நாளெல்லாம் அதே வேலைதான். வலையின் அடியில் ஓரடியை மண்ணுக்குள் நேராக இறக்காமல், வெளிப்பக்கமாக மடக்கிப் படுக்கவைத்து மண் மூடச் சொன்னாள். தோண்டுகிற பிராணி வேலியை ஒட்டித்தான் தோண்டும், தோண்டினால் காலில் வலை தட்டும், ஓரடி பின்னால் தள்ளித் தோண்ட அதற்குப் புத்தி போகாது என்றாள். மண்ணுக்கு மேலே கல் அடுக்கும் வேலை எனக்கு.

ஐந்து மணிக்குக் கதவு மட்டும் பாக்கி. நீ கிளம்பு, நாளைக்கு நான் மாட்டிக்கொள்கிறேன் என்றார் அப்பா. அத்தை கீலைக் கையில் வைத்துக்கொண்டு அசையவில்லை. ஆறரைக்கு ஹாஸ்டல் வார்டன் அழைத்தார். அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"கதவு வெக்கறேன், முடிச்சிட்டு பேசறேன்னு சொல்லு அண்ணி."

"உள்ள வுட மாட்டாங்க, தெரியுதா ஒனக்கு?" என்று அப்பா கத்தினார்.

"தெரியும்ண்ணா. அந்த ஆணிய எடு."

இருட்டுவதற்குள் கதவு நின்றது. கோழிகளை உள்ளே விட்டோம். பதினெட்டு அடி கிடக்க, மூன்றும் ஒரு மூலையில், பழைய பெட்டி அளவுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. பொறு என்றாள் அத்தை. கொஞ்ச நேரம் கழித்துப் புள்ளிக்கோழி ஒரு காலை எடுத்து வைத்தது, இன்னொன்றை வைத்தது, பிறகு சிறகை விரித்துக்கொண்டு அந்தக் கோடி வரைக்கும் ஓடியது. அத்தை வேலிக்குள் நிமிர்ந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வேலியை ஒட்டி நாய் பறித்த பள்ளம் இருந்தது. பள்ளத்தில் வலை தெரிந்தது. கோழி மூன்றும் உள்ளே இருந்தன. அப்பா பள்ளத்தை டேப் வைத்து அளந்துவிட்டு வேலைக்குப் போனார். குழம்புப் பேச்சு அதோடு ஒழிந்தது.

அத்தை அன்றைக்கும் ஹாஸ்டலுக்குப் போகவில்லை, அப்புறமும் போகவில்லை. அவள் பெட்டியை அப்பாவே போய் வாங்கி வந்து வாசலில் தொப்பென்று வைத்தார். வேறொரு கம்பெனியில் சேர்ந்து, இரண்டு தோழிகளோடு கெலமங்கலம் ரோட்டில் அறை எடுத்துக்கொண்டாள். அப்பா ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. எனக்கோ தலைகால் புரியாத பெருமை. என் கோழிக்காக எங்கள் அத்தை வேலையையே விட்டுவிட்டாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இருபது வயதில் எனக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது, ஹாஸ்டலோடு. பத்திரமான இடம் என்று அப்பாதான் கொண்டுபோய் விட்டார். பையை வைத்துவிட்டு அறைக்குள் நடந்து பார்த்தேன். இரண்டடுக்குக் கட்டில்களுக்கு நடுவே நான்கு எட்டு வைத்ததும் சன்னல் வலை, திரும்பி நான்கு எட்டில் கதவு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு மனையில் ஓடிக் காட்டியது கோழியா? நான். அத்தை கல் நட்டது என் ஓட்டத்தைப் பார்த்து. அதைக் கட்டிய கையோடு அவள் எப்படி இந்த மாதிரிக் கட்டிலுக்குத் திரும்பியிருப்பாள்? கோழிக்காக என்று ஊரெல்லாம் சொன்ன என் வாயை என்ன சொல்வது!

மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். "பத்திரமா இருந்தியா இல்லியா, அப்புறம் என்ன கொறச்சல்?" என்று அப்பா குதித்தார். அவருடைய டேப்பை எடுத்து, முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை பதினெட்டு அடி இழுத்துத் தரையில் வைத்தேன். அவர் குனிந்து அந்த எண்ணைப் படித்தார். இந்தத் தடவை கையை ஓங்கவில்லை.