ராஜமணி சார் வீட்டுக்கு வந்த பசு

மார்த்தாண்டம் சந்திப்பில் சிக்னல் விழுந்தால் ராஜமணி சார் ஆட்டோக்காரரிடம், "ரோபோ சிவப்பு, நில்லும்" என்பார். பிக்கப் வண்டி அவருக்குப் பக்கி. சம்மதம் என்றால் ஷார்ப். மீன் கெட்டுப்போனாலும் ஆள் செத்துப்போனாலும் ஏய்ஷ். பொட்ஸ்வானாவில் கணக்கு வாத்தியாராக இருந்து, ஓய்வுபெற்று அருமனைக்குத் திரும்பியவர்.

அங்கே அவர் இருந்த பள்ளியில் நான் இன்னும் வேலை பார்க்கிறேன். ஒப்பந்தம் புதுப்பிப்பார்களோ மாட்டார்களோ என்ற கவலையோடு லீவுக்கு வந்திருந்த என்னை, மகள் பிரீனாவின் கல்யாணப் பேச்சுக்குக் கூப்பிட்டார்.

"அங்க அப்பன் பேசப்பிடாதுல்லா. மலோமேதான் பேசணும், அதாவது தாய்மாமன். அவளுக்கு மாமன் இல்ல. நீ இரி."

பிரீனா நர்ஸ். கூட வேலை பார்க்கும் ஸ்மைலினைத்தான் கட்டுவேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். ஸ்மைலினுக்காகப் பேச வந்தவர் அவனுடைய மாமா ஜான்ரோஸ், குழித்துறையில் ரப்பர் ஷீட் வியாபாரி.

"சாரே, பொண்ணுக்கு என்ன செய்வியன்னு நாங்க கேக்கல. ஊரு கேக்கும்லா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேசக்கூடாத அப்பன் பேசிவிட்டார்.

"எங்க ஊருல மாப்பிள வீட்டுக்காரங்கதான் மாடு கொண்டு வரணும். போகாடின்னு பேரு."

"எந்த ஊருல? அருமனையிலயா?"

"பொட்ஸ்வானாவுல."

ஜான்ரோஸ் என்னைப் பார்த்தார். உண்மைதான் என்றேன்.

"அங்க உள்ளவனுக்கு மாடு இருக்கு. எனக்க கையில ரப்பருதான் இருக்கு" என்று எழுந்து போனார். வைத்த டீயை யாரும் தொடவில்லை.

பிரீனா சமையலறையிலிருந்து வந்தாள்.

"அப்பா, அங்க இருக்கும்போ வாயத் திறந்தா அருமனை. இங்க வந்தா பொட்ஸ்வானா. நான் எந்த ஊருலதான் கல்யாணம் கெட்டணும்?"

"எந்த ஊருலயும் கெட்டு. சீதனம் குடுத்துக் கெட்டண்டாம்."

"ஸ்மைலின் இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

"ஏய்ஷ்" என்றார் சார். அன்றிலிருந்து அவள் அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து, விடியும் நேரத்தில் சார் எனக்கு போன் செய்தார். "மலோமே, ஓடி வா."

போனேன். கேட்டுக்கு வெளியே பிக்கப் வண்டி. அதில் ஒரு பசு, ஒரு கன்று. போகாடிக்கு ஒற்றைப்படையில் மாடு ஆகாது என்று பிரீனா முன்கூட்டியே ஸ்மைலினிடம் சொல்லிவிட்டிருந்தாள். பக்கத்தில் ஜான்ரோஸ், மாதாகோயிலுக்குப் போகிற வேட்டி சட்டையில்.

"சாரே," என்றார், மனப்பாட வசனம்போல. "ஒரு சுரைக்குடுக்கை தண்ணி கேட்டு வந்தோம்."

பொட்ஸ்வானாவில் பெண் கேட்கிறவர்கள் பெண் என்று சொல்வதில்லை. அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் உடனே உள்ளே விடவும் கூடாது. ராஜமணி சார் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போய்ப் பல் தேய்த்தார்.

"இதும் முறையா?" என்று ஜான்ரோஸ் என்னிடம் கேட்டார்.

"ஆமா. காக்க வைக்கணும்."

"பய சோறு திங்க மாட்டேங்கான். இல்லேன்னா மாடு பிடிக்க நான் போவேனா?" என்று வண்டியில் சாய்ந்து நின்றார். பசு சாணி போட்டது. பால்காரர் வந்து பார்த்துவிட்டு, பால் ஊற்றாமல் போனார்.

வெயில் ஏறியதும் சார் கேட்டைத் திறந்து, சுரைக்குடுக்கை இல்லாததால் செம்பில் தண்ணீர் கொடுத்தார். ஜான்ரோஸ் ஒரே மூச்சில் குடித்து வாயைத் துடைத்தார்.

"உமக்க முறை முடிஞ்சுல்லா? இனி எங்க முறை. பொண்ணுக்கு என்ன செய்வியோ?"

பிரீனா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சார் அவளைப் பார்த்தார். பிறகு பசுவைப் பார்த்தார். அது அவருடைய மரச்சீனிச் செடியை எட்டிக் கடித்துக்கொண்டிருந்தது.

"பசு குடுக்கேன். கன்னுக்குட்டியும்."

"இதையா?"

"இப்போ இது எனக்க மாடுல்லா. ஊரு கேட்டா, பொண்ணுக்குப் பசு போட்டாருன்னு சொல்லும்."

ஜான்ரோஸ் என்னைப் பார்த்தார். இதற்கு எங்கேயும் முறை இல்லை. "உண்டு" என்றேன்.

அவர் வண்டிப் பக்கம் திரும்பினார். "அப்போ எறக்க வேண்டாம்" என்றார்.

அதற்குள் கன்று குதித்து இறங்கி ரப்பர் தோட்டத்துக்குள் ஓடியிருந்தது.

"ஏய்ஷ்" என்று ஜான்ரோஸ் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அப்பா, நீங்க அந்தப் பக்கமா வாங்க!" என்று பிரீனா கத்திக்கொண்டே ஓடினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.